நர்ஸம்மா கொட்டிய ‘உம்’

“நான் எப்ப தம்பி அவங்கள விரட்டுனேன்?”

வெள்ளத்துரை அண்ணன்தான் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில், பூட்டிக் கிடந்த தன் பெற்றோர் வீட்டுக் கதவுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். திருவொத்தியூரிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மளிகைக் கடை வைத்திருப்பவர் பட்டப்பகலில் கடையை விட்டுவிட்டு வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“உங்க வீட்டுக்குப் போறதாத்தானே சொல்லிட்டுப் போனாங்க?” என்றேன்.

அவர் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். தன் வீட்டுக்கு அவர்கள் வரவில்லை என்றார். அதற்குள் காம்பவுண்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். போன கிறிஸ்துமஸ் விருந்தில், இந்த வயதில் அம்மா சைக்கிள் ஓட்ட வேண்டுமா என்று ஒரு வார்த்தை சொன்னேன், அதற்காகத்தான் கோபித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று தணிந்த குரலில் என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

இப்போது தெரியும். நர்ஸம்மாவே சொன்னார், எழுதவும் சொன்னார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவன், எழுதிப் பழக்கமில்லை. அழகாக எழுத வேண்டாம், படிக்கிறவர்களுக்குப் புரிந்தால் போதும் என்றார். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நர்ஸம்மாவின் பெயர் ஞானபாக்கியம். அண்ணனின் தாயார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி ராயபுரம் வந்தவர். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது அவர் உத்தியோகம். அந்த வேலைக்குச் சர்க்காரில் வேறு பெயர் உண்டு என்றாலும் எங்கள் பக்கத்தில் நர்ஸம்மா என்றுதான் சொல்வார்கள். எங்கள் காம்பவுண்டில் என் வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும், என்னையும் சேர்த்து, முதலில் தொட்ட கை அவருடையது.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்களே, அப்போதுதான் அவர் சைக்கிள் கற்றுக்கொண்டார். ரிக்‌ஷாக்காரர்களும் ஓடிவிட்டார்கள். ஓட வழியில்லாத ஏழைப் பெண்களுக்கு மட்டும் வலி எடுத்துக்கொண்டே இருந்தது. அவருடைய கணவர் ராசையா மாமா ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை எங்கேயோ பிடித்து, ஆளில்லாத துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

பொம்பளை சைக்கிள் விடுகிறாள் என்று முதலில் தெருவே கூவியது. பிரசவச் சாமான் வைத்த கறுப்புத் தோல் பை ஹேண்டில்பாரில் தொங்குவதைப் பார்த்த பிறகு, “நர்ஸம்மா வருது, வழி வுடு,” என்றது. ஒரு தடவை பை இல்லாமல் கடைவீதிக்கு நூல்கண்டு வாங்கப் போனார். அதே பையன்கள் அன்று சீட்டி அடித்தார்கள். நர்ஸம்மா சைக்கிளிலிருந்து இறங்கி, வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார். தனக்கு யாரும் வழி விடவில்லை, பைக்குத்தான் விட்டார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது என்று சொல்வார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் பை தொங்கும்.

ராசையா மாமா துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. மூட்டைகளின்மேல் ரங்கூன், சிங்கப்பூர், மொம்பாசா என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர்களை எல்லாம் தெருப் பெயர் போலச் சொல்வார். அவர் போன ஊர் என்னவோ வருஷத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிதான். யாரோ ஒரு கப்பல்காரன் படித்துவிட்டுக் கொடுத்த வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய ஏரி, கரையில் உயரமான மரங்கள், மரத்தடியில் சின்னக் கூடாரம். இரண்டு சைக்கிள்கள் சாய்ந்திருக்கின்றன. நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் கல் அடுப்பில் ஏதோ காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். அது அமெரிக்காவில் சர்க்கார் ஜனங்களுக்காக வைத்திருக்கிற காடாம். யார் வேண்டுமானாலும் போய்த் தங்கலாமாம். அந்தத் தம்பதி ரிடையரான பிறகு ஒவ்வொரு காடாகச் சைக்கிளில் போய்ப் பார்க்கிறார்களாம்.

மாமா முதலில் ரிடையரானார். நர்ஸம்மாவுக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது. மாமா காத்திருந்தார். காத்திருந்த காலத்தில், யுத்தம் முடிந்து ராணுவக்காரர்கள் ஏலத்தில் தள்ளிய ஒரு கூடாரத்தை மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்து கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்துவிட்டார். நர்ஸம்மா ரிடையரான பிறகு வந்த தை மாதத்தில் அதை வெளியே இழுத்தார்.

“உலகத்து மூட்டையெல்லாம் எண்ணி அனுப்பிட்டேன், பாக்கியம். ஒரு மூட்டையும் என்னை வான்னு கூப்பிடல. நாமளா கிளம்புனாத்தான் உண்டு.”

எண்ணூர் போய், முகத்துவாரத்தைப் படகில் கடந்து, அத்திப்பட்டு, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்குப் போவது என்பது மாமாவின் திட்டம். அந்த மாதத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் பூநாரைப் பறவைகள் வந்து இறங்குமாம். அங்கங்கே கூடாரம் போட்டுத் தங்கிக்கொள்ளலாம். அவர் பேசப் பேச நர்ஸம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். வழியில் யாராவது, என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

“வேலை இல்லைன்னு சொல்லு. அதான் ரிடையர் ஆயாச்சே.”

“அதை எப்படிங்க வாயால சொல்றது?”

நர்ஸம்மா இந்த இடத்தை எனக்கு இரண்டு மூன்று தடவை விளக்கினார். அவர்கள் செய்யப்போன காரியத்துக்கு நம் பேச்சில் மரியாதையான ஒரு சொல் கிடையாது. பத்திரிகையில் ‘உல்லாசப் பயணம்’ என்று போடுகிறான். அதை வாயில் வைத்துச் சொன்னால் நாடகம் மாதிரி இருக்கிறது. வீட்டில் புழங்குகிற சொல் ஊர் சுற்றுவது என்பதுதான். சின்ன வயதில் வெள்ளத்துரை அண்ணன் பள்ளிக்கூடம் போகாமல் கப்பல் பார்க்கப் போனபோது, “ஊர்சுத்தி, ஊர்சுத்தி” என்று சொல்லிச் சொல்லி அகப்பைக் காம்பால் அடித்தவர் நர்ஸம்மா. அந்தச் சொல்லை இந்த வயதில் தன்மேல் போட்டுக்கொள்ள அவருக்குக் கூசியது. அதுவும் புருஷனோடு சேர்ந்து, கூடாரத்தில் படுத்து.

அதனால் காம்பவுண்டில் எங்களிடம், மகன் வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னார்கள். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் சிரிப்பாள் என்று பயம். கிளம்புகிற காலையில் நர்ஸம்மா வழக்கம்போலப் பையை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினார். மாமா அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் அலமாரிமேல் வைத்தார்.

“உனக்காக இப்ப யாரும் வலி எடுத்துக் காத்துக்கிட்டு இல்லை. கையை வீசிட்டு வா.”

விடிகிற நேரத்தில் கிளம்பினார்கள். மாமாவின் சைக்கிளில் கூடாரம், ஜமுக்காளம். நர்ஸம்மாவின் சைக்கிளில் அரிசி, பருப்பு, ஒரு பாத்திரம், சின்ன ஸ்டவ். திருவொத்தியூர்த் தேரடி வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேசாமல் பக்கத்துச் சந்தில் திரும்பினார்கள். மகனுடைய கடைக்கு முன்னால் போக வெட்கம். நாலு சந்து சுற்றி, மறுபடி பெரிய ரோட்டுக்கு வந்து, எண்ணூரைப் பார்த்து மிதித்தார்கள். பாக்டரிப் புகை பின்னால் போய்விட்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்கு. பை இல்லாத ஹேண்டில்பார் லேசாக ஆடியதாம். கொஞ்ச தூரத்துக்குப் பிறகு அந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று என்றார் நர்ஸம்மா.

அன்று சாயங்காலம் முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் கூடாரம் போட்டார்கள். முகத்துவாரக்குப்பம், உப்பங்கழி கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் மீனவர் குப்பம். மாமா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். நர்ஸம்மா மட்டும் கூடார வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு பெண் காலிக் கூடையோடு அந்த வழியாக வந்தாள். பெயர் கோவிந்தம்மா. தினமும் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்து எண்ணூர், திருவொத்தியூர் தெருக்களில் விற்றுவிட்டுத் திரும்புகிறவள். கூடாரத்தைப் பார்த்து நின்றாள். சைக்கிள்களைப் பார்த்தாள். நர்ஸம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் குந்தினாள்.

“இன்னா தாயி, இந்த வயசுல துணி கட்டிகினு மண்ணுல கெடக்குறே. புள்ள குட்டி இல்லியா?”

நர்ஸம்மாவுக்கு ரோஷமாக இருந்தது. மகன் இருக்கிறான், வெள்ளத்துரை என்று பெயர், திருவொத்தியூர்த் தேரடியில் சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறான் என்று பெருமையாகவே சொன்னார். கோவிந்தம்மாவுக்கு அந்தக் கடை நன்றாகத் தெரிந்திருந்தது. அவள் புளியும் மிளகாயும் வாங்குவதே அங்கேதான்.

“அம்மாம் பெரிய கட வச்சிகினு கீறான். நீ இன்னாத்துக்கு இங்க வந்து கெடக்குறே?”

இதற்குத்தான் பதில் வேண்டியிருந்தது. கோவிந்தம்மாவின் கால் விரல்கள் தார் ரோட்டுச் சூட்டில் வெடித்திருந்தன. தலையில் சும்மாட்டுத் துணி இன்னும் இருந்தது. நாள் முழுக்க நடந்து வந்தவளிடம், சும்மா ஊர் சுற்ற வந்தோம், பூநாரை பார்க்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? பை இருந்திருந்தால் அதைத் தொட்டுக் காட்டியிருப்பேன், ஏதாவது சொல்லியிருப்பேன் என்றார் நர்ஸம்மா. பை ராயபுரத்தில் அலமாரிமேல் இருந்தது.

கோவிந்தம்மா இன்னும் கிட்டே நகர்ந்தாள். பிறகு அவள் குரல் தணிந்தது.

“தொரத்திட்டானா?”

நர்ஸம்மா, “உம்,” என்றார்.

ஏன் சொன்னோம் என்று அவருக்கே பிற்பாடுதான் புரிந்ததாம். மகன் துரத்திய தாய் என்பதில் ஒரு மரியாதை இருந்தது. ஊர் சுற்ற வந்த கிழவி என்பதில் இல்லை. அவ்வளவுதான் காரணம் என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோவிந்தம்மா அழுதுவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பத்துக்கு ஓடினாள். சோறும் சட்டியில் மீன் குழம்பும் வந்தன. கூடவே நாலைந்து பெண்களும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி தலையணை கொண்டுவந்தாள். நர்ஸம்மாவும் அழுதார். வெட்கத்தில் வந்த அழுகை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணீரோடு திரும்பிய மாமா, மனைவிக்கு இத்தனை சீக்கிரம் சிநேகிதம் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு இரண்டு தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் அத்திப்பட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்ட படகு, கோவிந்தம்மாவின் தம்பி சுப்புராயனுடையது. இறங்கும்போது மாமா கூலியை நீட்டினார். சுப்புராயன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“உன்னாண்ட வாங்குனா நான் மன்சனா, நைனா? உம் புள்ளயப் பாத்தன்னு வையி, கடல்ல கட்டி இறக்கிடுவன்.”

மாமா ஒன்றும் விளங்காமல் மனைவியைப் பார்த்தார். படகு போன பிறகு, உப்பளத்து வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நர்ஸம்மா எல்லாவற்றையும் சொன்னார். மாமா சைக்கிளை நிறுத்தினார். பிறகு, உடனே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். நர்ஸம்மாவுக்கு அந்தப் பெண்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை. நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன், இதில் என்ன இருக்கிறது என்று மாமா கோபித்துக்கொண்டார். இனிமேல் யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தார்.

பொன்னேரியில் ஒரு டீக்கடையில் அவருக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. கடைக்காரன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். மாமா, “சும்மா, நானும் வீட்டுக்காரியும் ஊர் பாக்கப் போறோம்,” என்று சத்தமாகவே சொன்னார். கடைக்காரன் இரண்டு சைக்கிளையும் பார்த்தான், கூடாரத்தையும் பார்த்தான். பெஞ்சியில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“புது மாப்ள வந்துகீறாரு. பொண்ணுக்கு சக்கர கொஞ்சம் தூக்கலாப் போடு.”

பெஞ்சி முழுக்கச் சிரித்தது. நர்ஸம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறோம் என்று மாமாதான் சொன்னார். மனைவியைக் கோபிக்கிற உரிமை அவருக்கும் அதோடு போயிற்று.

பழவேற்காட்டில் பூநாரைகள் இருந்தன. ஏரித் தண்ணீரில் ரோஜா நிறத்தில் ஒரு கரை மாதிரி நின்றன. படகு கிட்டே போனதும் அந்தக் கரையே எழுந்து பறந்தது. நர்ஸம்மா சின்னப் பெண் போலக் கைதட்டிச் சிரித்தாராம். ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, படத்தில் இருந்தது போலவே கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். இரண்டு மூன்று நாள் அங்கேயே இருந்தார்கள்.

“அதுதான் தம்பி எனக்கு ரொம்ப வெட்கம். இங்க மகன் பேரு நாறிக்கிட்டுக் கிடக்குது. நான் அங்க பறவை பாத்துச் சிரிச்சிட்டு இருந்திருக்கேன். வாழ்நாளிலே அப்படிச் சந்தோஷமா இருந்ததில்லை. அதையும் எழுதிரு.”

எழுதிவிட்டேன்.

இனி திருவொத்தியூரில் நடந்தது. இதை வெள்ளத்துரை அண்ணன் சொன்னார். கோவிந்தம்மா கடைக்கு வந்து புளி நிறுக்கச் சொன்னாள். அண்ணன் நிறுத்துப் பொட்டலம் கட்டி நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் அம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். ராயபுரத்தில், வீட்டில் என்றார் அண்ணன்.

“வூட்லயா? எங்க சவுக்குத் தோப்புல கெடந்துச்சு. நான் ஊத்துன மீன் கொழம்பத் துன்னுட்டு அழுதுச்சு உன் ஆத்தா.”

கடையில் கூட்டம் இருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே, வேறு யாரையோ பார்த்திருப்பாய் என்றார். அவளோ, அவர் அம்மாவின் நரைத்த தலை, சைக்கிள், மகனுடைய பெயர், கடை இருக்கும் இடம் எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டலத்தைப் பிரித்துப் புளியைத் திரும்ப மூட்டையிலேயே கொட்டினாள்.

“பெத்தவங்கள தொரத்துன கையி நிறுத்த புளி, எங்க வூட்டுக் கொழம்புல கரையாது.”

அவள் போன பிறகு, வரிசையில் நின்ற இன்னும் இரண்டு பேர் ஒன்றும் வாங்காமல் போனார்கள். அண்ணனின் தாத்தா வெறும் கருப்பட்டிக் கூடையோடு இந்தப் பட்டணத்துக்கு வந்தவர். சரக்கைக் கடனாகக் கொடுப்பவனும் பெயரைப் பார்த்துத்தான் கொடுக்கிறான், வாங்குகிறவனும் பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறான் என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். அந்தப் பெயருக்குத்தான் என்ன ஆயிற்றென்று தெரியாமல் அன்று மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராயபுரம் வந்து, நான் முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்.

அங்கிருந்து நேரே முகத்துவாரக்குப்பத்துக்குப் போனார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், வசவு வாங்கப் போகிற இடத்துக்குத் துணை எதற்கு என்றார். வசவு வாங்கினார். அம்மாவும் அப்பாவும் ஏரிப் பக்கம் போயிருக்கிறார்கள், இந்த வழியாகத்தான் திரும்புவார்கள் என்று சுப்புராயன் சொன்னான். அன்று மட்டுமல்ல, அடுத்த நாட்களும் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய் மணலில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் வரும்போதும் போகும்போதும் திட்டினார்கள்.

கடைசியில் ஒரு நாள் காலையில் கழியில் படகு வந்தது. அதில் இரண்டு சைக்கிள்கள். கரையில் பெண்களுக்கு நடுவில் மகன் உட்கார்ந்திருப்பதை நர்ஸம்மா படகிலிருந்தே பார்த்துவிட்டார். தண்ணீர் இருக்கும்போதே இறங்கி, புடவை நனைய நடந்து வந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

“அவன் விரட்டலம்மா. சத்தியமா இல்லை. நாங்கதான் வந்தோம். சும்மா. ஊர் சுத்த வந்தோம்.”

வாயால் சொல்ல முடியாது என்று நினைத்ததைச் சொல்லியாகிவிட்டது. கோவிந்தம்மா கிட்டே வந்து நர்ஸம்மாவின் கன்னத்தைத் தடவினாள்.

“பெத்த வவுறு தாயி. வேற எப்படிச் சொல்லும்?”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ‘உம்’ என்ற பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்கள், உண்மையை நம்பவில்லை. தாய் மகனைக் காப்பாற்றச் சொல்கிற பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். நர்ஸம்மா எவ்வளவு அழுத்திச் சொன்னாரோ அவ்வளவு நல்ல தாயாக அவர்களுக்குத் தெரிந்தார்.

ராசையா மாமா சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். கிளம்பும்போது அலமாரியிலிருந்து பிய்த்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். கூடாரத்தையும் சைக்கிள்களையும் காட்டி, பாருங்கள், இப்படித்தான் நாங்களும் வந்தோம் என்றார். கோவிந்தம்மா படத்தை வாங்கி, நரைத்த வெள்ளைக்காரத் தம்பதியை நன்றாகப் பார்த்தாள்.

“அய்ய, இவங்களயும் தொரத்திட்டானுங்களா?”

மாமா படத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மாதான் ஏதோ சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் வெள்ளத்துரை அண்ணனுக்குப் பிடிபட்டதாம். அம்மா இன்னும் சத்தியம் செய்துகொண்டிருந்தார். அண்ணன் மணலிலிருந்து எழுந்து, அத்தனை பெண்களுக்கு முன்னால் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

“தப்பு என்னுதுதாம்மா. வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

நர்ஸம்மா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. முதல் ‘உம்’மைவிட இந்த மௌனம்தான் பெரிய பாவம் என்று என்னிடம் சொன்னார். கோவிந்தம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்தாள். இனிமேலாவது பெற்றவர்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொன்னாள். அண்ணன், சரி என்றார்.

மூவரும் சைக்கிளில் திரும்பினார்கள். தேரடி கிட்டே வந்ததும் நர்ஸம்மா பழையபடி சந்தில் திரும்பப் பார்த்தார்.

“நேரா போங்கம்மா,” என்றார் அண்ணன்.

கோவிந்தம்மா மறுபடி அண்ணன் கடையில்தான் புளி வாங்குகிறாள். ஆனால் கதை நிற்கவில்லை. துரத்திய பிள்ளை மனம் திருந்தி அழைத்துக்கொண்டு போனான் என்று அது இப்போது நடமாடுகிறது. கருவாட்டுக் கூடைகளோடு எண்ணூர் முழுக்கப் போயிற்று. படகில் ஏறி அத்திப்பட்டுக்குப் போயிற்று. இங்கே எங்கள் காம்பவுண்டுக்கும் வந்தது, அவர்கள் கோயிலுக்கும் வந்தது. அண்ணியின் அப்பா, இப்படிப்பட்டவனுக்கா பெண் கொடுத்தோம் என்று கேட்டுக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்தார். அவரிடமும் அண்ணன் நடந்ததைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். “சொன்னா, எங்கம்மா பொய் சொன்னாங்கன்னுல்லா சொல்லணும்,” என்றார்.

நர்ஸம்மா முகத்துவாரக்குப்பத்துக்குப் பல தடவை போய்ச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பெண்கள் உட்காரவைத்துச் சோறு போட்டு, நீ நல்ல தாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூடாரம் மறுபடி கட்டிலுக்கடியில் போய்விட்டது. இது தீருகிற வரைக்கும் அதை எடுப்பதில்லை என்று மாமா சொல்கிறார். ஆனால் வாரத்தில் ஒரு நாள் நர்ஸம்மா பை இல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவொத்தியூர் போய், மகன் கடை வாசலில் ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வருகிறார். கிளம்பும்போது காம்பவுண்டில் யாராவது, என்ன வேலையாக என்று கேட்பார்கள். “வேலை ஒண்ணுமில்ல, ஊர் சுத்தத்தான்,” என்பார். சொல்லும்போது முகம் சிவந்துவிடுகிறது. இருந்தாலும் சொல்கிறார்.

“அந்த ‘உம்’ ரெண்டே எழுத்து, தம்பி. அதைத் திரும்ப எடுக்க எத்தனை எழுத்து வேணும்னு பாரு.”

இத்தனை எழுத்து எழுதிவிட்டேன். இதற்குமேல் என்னால் ஆகாது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டு, பொன்னேரிப் பக்கம் போகிறவர்கள் டீக்கடையிலோ படகிலோ உட்காரும்போது சொல்லுங்கள். முகத்துவாரக்குப்பத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்; அங்கே போனால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கோவிந்தம்மா இருந்தால் அவளை முன்னால் உட்காரவையுங்கள். நர்ஸம்மா சொன்னால் தாய் சொல்கிறாள் என்கிறார்கள். அவருக்கு ஒட்டும் உறவும் இல்லாத நீங்கள் சொன்னால் ஒருவேளை நம்புவார்கள். திருவொத்தியூர்த் தேரடி வெள்ளத்துரை தன் அப்பா அம்மாவைத் துரத்தவில்லை. அவர்கள் ஊர் சுற்றப் போனார்கள்.